தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு ரொறன்ரோ பப்புக்குப் போன சனிக்கிழமை

இந்தப் பதிவு ஒரு பப்பைப் பற்றியது. ரொறன்ரோ நகர நடுவில், விட்பியில் இருந்து கார் எடுக்காமல் போய்வரக்கூடிய, மேல்மாடியில் விழா அறைகள் உள்ள பழைய பாணி பப். "கோயில் திருவிழா, அப்பிள் தோட்டம், நயாகரா என்று எழுதிக்கொண்டிருந்தவள் இப்போது பப்புக்கு இறங்கிவிட்டாளே" என்று நினைப்பவர்கள் தாராளமாக நினையுங்கள். போன காரணத்தைக் கேட்டால் நீங்களே எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போடுவீர்கள்.

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் சனிக்கிழமை தவறாமல் பின்னேரம் இரண்டு மணிக்கு 304 தொடங்கும். என் கணவர் ரகு, அவருடைய சோடி பாலன் அண்ணை, இன்னும் இரண்டு கூட்டாளிகள். தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: 304 என்பது யாழ்ப்பாணத்து ஆண்கள் உயிரை விடும் சீட்டாட்டம். நாலு பேர் விளையாடுவது, எதிரெதிராக இருப்பவர்கள் சோடி. இதில் ஜாக்தான் ராசா, முப்பது புள்ளி. அடுத்தது ஒன்பது, இருபது புள்ளி. ஏஸ், பாவம், மூன்றாவது. எல்லாச் சீட்டின் புள்ளியும் கூட்டினால் 304. முதல் நான்கு சீட்டைப் பார்த்தவுடன் "நாங்கள் இவ்வளவு எடுப்போம்" என்று ஏலம் மாதிரிக் கேட்க வேண்டும். கூடக் கேட்டவர் துரும்பை, அதாவது மற்றதையெல்லாம் வெட்டும் சீட்டுச் சாதியை, தீர்மானித்து அதில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். கேட்டதை எடுக்க முடியாமல் விழுந்தால் மானம் போகும். இவ்வளவு தெரிந்தால் போதும், பப்புக்குப் போகலாம்.

இல்லை, அதற்கு முன் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மணிக்குத் தேத்தண்ணி, நாலு மணிக்குப் பொரித்த றோல்ஸ், அதன்பின் இன்னொரு தேத்தண்ணி. பதினெட்டு வருடமாக இதுதான் என் சனிக்கிழமை. பாலன் அண்ணையின் கோப்பை எப்போதும் வெறுமையாகத் திரும்பி வரும். ரகுவின் கோப்பை சில நேரம் காலி, சில நேரம் வாயே வைக்காமல் ஆடை படிந்து கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, மைக்ரோவேவில் சுடவைத்து, திரும்பக் கீழே கொண்டுபோவேன். முழங்கால் இரண்டும் என்னைத் திட்டும். ஒரு நாள் சனிக்கிழமையில் நூலகத்துக்குப் போயிருப்பேனா, ஏரிக்கரையில் நடந்திருப்பேனா? இல்லை.

ஜனவரியில் ஒருநாள் தட்டை மேசையில் வைத்துவிட்டு நான் நகரவில்லை.

"நானும் ஒரு கை போடுறன்" என்றேன்.

பாலன் அண்ணை சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "தங்கச்சி, உது பொம்பிளையளின்ர விளையாட்டில்லை. கணக்கு வேணும், ஞாபகம் வேணும். நீர் அந்த றோல்ஸ் கருகாமல் பாரும்."

நான் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பனியில் கணக்குப் பார்க்கிறேன். கணக்கு வேணுமாம்!

ரகு நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "அடுத்த மாசம் எங்கட ஊர்ச் சங்கத்தின்ர போட்டி வருதெல்லே. அங்கை வந்து வெண்டு காட்டுமன் பாப்பம்."

"வெண்டால்?"

"வெண்டால் சனிக்கிழமை அடுப்படி எனக்கு. தேத்தண்ணி, றோல்ஸ் எல்லாம் நான் பாக்கிறன். இந்தக் கதிரை உமக்கு."

"தோத்தால்?"

"தோத்தால் உந்தக் கதையை இனி எடுக்கப்படாது. ஒரு நாளும்."

பாலன் அண்ணை கையை நீட்டினார், "சரி, கடுக்கனும் சேத்து" என்றார். 304 இல் தோற்றவர் காதில் கடுக்கன் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பொன் கடுக்கன் இல்லை. ஈர்க்கோ, இலையோ, உடுப்புக் காயப்போடும் கிளிப்போ, அகப்பட்டதைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் இருக்க வேண்டும். நான் கையைக் குலுக்கிவிட்டு மேலே வந்தேன். வந்த பிறகுதான் யோசித்தேன். விளையாட்டாகச் சொன்ன பேச்சுத்தான், ஆனால் ரகு சொன்ன சொல்லில் நிற்கிற மனிதர். தோற்றால் மிச்சச் சனிக்கிழமைகள் எல்லாம் போய்விடும்.

எனக்கு ஒரு சோடி வேண்டும். மார்க்கம் நகரில் இருக்கும் கலாவுக்குப் போன் எடுத்தேன். கலா ரகுவின் சொந்தத் தங்கை, எனக்கு மச்சாள். அண்ணனைத் தோற்கடிக்க வேண்டும் என்று சொன்னதும் "எத்தினை மணிக்கு வரவேணும்?" என்று மட்டும் கேட்டாள். நாங்கள் இருவருமே ஊரில், ஊரடங்கு நாட்களில், அண்ணன்மாருக்கு நாலாவது கை குறைந்தபோது இருந்து விளையாடிப் பழகியவர்கள். ஆள் வந்ததும் எழுப்பி விடுவார்கள். மறந்துபோகவில்லை என்பதைக் கைபேசிச் செயலியில் ஒரு மாதம் விளையாடிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டோம்.

சரி, இனிப் பயணம்.

போட்டி வழக்கமாக ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில்தான் நடக்கும். இந்தக் குளிரில் அங்கே தண்ணீர்க் குழாய் வெடித்து, தரை முழுக்க நாசம். சங்கத் தலைவர் செல்வம் அண்ணையின் மகள் ஒரு பப்பில் விழாக்களுக்குப் பொறுப்பாக வேலை செய்கிறாள். அவள்தான் மேல்மாடி அறையைப் பிடித்துக் கொடுத்தாள். பெப்ரவரி மாதச் சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. வெளியே மறை பதினொரு பாகை, அதாவது மைனஸ் பதினொன்று. காற்றோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க நான் விரும்பவில்லை.

ஆண்கள் காரில் போனார்கள். நாங்கள் இருவரும் ரயிலில் போனோம். வார இறுதியில் நாள் முழுக்கச் செல்லுபடியாகும் ரயில் டிக்கெட் ஆளுக்குப் பத்து டொலர். விட்பி நிலையத்தில் கார் நிறுத்தக் காசு இல்லை. கலா முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பத்து இருபது ரயிலில் ஏறினோம். மேற்கே போகும்போது இடது பக்க யன்னலில், மேல்தட்டில் இருங்கள். பிக்கரிங் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரயில் ஏரிக்கரையோடு ஒட்டி ஓடும். கரையெல்லாம் பனிக்கட்டி, அதற்கப்பால் கறுத்த நீலத் தண்ணீர். இத்தனை வருடம் இந்த ஏரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு சனிக்கிழமையில் இதைப் பார்த்ததில்லை என்று நினைத்தபோது கோபம் வந்தது. கோபம் நல்லது, சீட்டு விளையாட உதவும்.

"மச்சாள், கைபேசியை வை. கையைக் காட்டு, சூடாக்கிறன்" என்றாள் கலா. "குளிர்ந்த கையிலை காட்ஸ் வழுக்கும்."

யூனியன் நிலையத்தில் இறங்க ஒரு மணி நேரம் கொஞ்சம் கூட ஆனது. அங்கிருந்து கிழக்கே பழைய நகரப் பக்கம் பத்து நிமிட நடை. குளிர் தாங்காதவர்கள் பாதித் தூரம் நிலத்தடிப் பாதையால் போகலாம், ஆனால் வழி தெரியாவிட்டால் வங்கிக் கட்டிடங்களுக்குள் சுற்றி அழ வேண்டிவரும். நாங்கள் வெளியாலேயே நடந்தோம். பப்பின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் சனம் முழுக்க அங்கே பிறந்தநாள் வைக்கும், பிறகு எனக்கு மேசை கிடைக்காது. செங்கல் கட்டிடம், பச்சைக் கதவு, வாசலில் சோக்குக் கட்டியால் அன்றைய சாப்பாடு எழுதிய பலகை. தேடிக் கண்டுபிடியுங்கள்.

உள்ளே போனதும் முதலில் வருவது மணம்: வறுத்த மீன், பழைய மரம், பியர், ஈரக் கம்பளிக் கோட்டு எல்லாம் கலந்த மணம். கீழ்த்தளத்தில் நீளமான மர பார், பித்தளைக் குழாய்கள், பூப்போட்ட கம்பளம், ஒரு மூலையில் அம்பு எறியும் பலகை, இன்னொரு மூலையில் இசைக்காரருக்கு ஒரு சின்ன மேடை. சனிக்கிழமைகளில் நாலு மணிக்குப் பிடிலும் அக்கார்டியனும் வாசிப்பார்கள், கேட்கக் கட்டணம் இல்லை. மேல்மாடியில் மூன்று அறைகள். எங்களுக்குப் பெரியது. பக்கத்து அறையில் யாரோ ஓய்வு பெறுகிறார்கள், பலூன் கட்டியிருந்தது. அதற்கடுத்ததில் பிறக்கப்போகும் பிள்ளைக்கு விருந்து. கழிவறை மட்டும் நிலக்கீழ்த் தளத்தில், படி செங்குத்து. முழங்கால் நோ உள்ளவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அறையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது, உண்மையான நெருப்பு. சுவரெல்லாம் கப்பல் படங்கள். அதன்கீழ் பதினாறு சோடி 304. முப்பத்திரண்டு பேரில் முப்பது மீசை. செல்வம் அண்ணை எங்களைக் கண்டதும் ஓடி வந்தார்.

"பிள்ளையள், சாப்பாடெல்லாம் பப்காரர் பாக்கினம். உங்களுக்கு இண்டைக்கு ஒரு வேலையுமில்லை, வந்து இருங்கோ."

"வேலைக்கு வரேல்லை அண்ணை. விளையாட வந்தனாங்கள்" என்றாள் கலா. "பேர் போடுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார், கலாவைப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார். "விதியிலை ஆம்பிளையள் மட்டும் எண்டு இல்லைத்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெயரைப் போட்டார். அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஆளுக்கு இருபத்தைந்து டொலர், சிற்றுண்டித் தட்டும் அதற்குள்.

காரில் போன எங்கள் வீரர்கள் பன்னிரண்டே காலுக்கு மூச்சிரைக்க வந்தார்கள். வீதியில் விபத்தாம், கார் நிறுத்த முப்பது டொலராம், நிறுத்திய இடத்தில் இருந்து குளிரில் நடையாம். நாங்கள் அதற்குள் நெருப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டி இருந்தோம். கலா அரைக் கிளாஸ் அப்பிள் சைடர், லேசான மதுதான், எடுத்திருந்தாள், நான் மதுவில்லாத ஜிஞ்சர் ஏல். கலாவின் கிளாஸைப் பார்த்து ரகுவின் கண் விரிந்தது.

"என்னடி இது?"

"பப்பிலை என்ன, பாயாசமே தருவினம் அண்ணா? போய் இருங்கோ."

போட்டிக்கு ஒரு எளிய கணக்கு வைத்திருந்தார்கள். கேட்டதை எடுத்தால் ஒரு புள்ளி. எடுக்காமல் விழுந்தால் எதிராளிக்கு இரண்டு. பத்துப் புள்ளி எடுத்த சோடி அடுத்த சுற்றுக்குப் போகும், தோற்ற சோடி பாருக்குப் போகும். முதற்சுற்றில் எங்களுக்கு எதிரே இருந்த இரண்டு அண்ணைமாரும் மிக மரியாதையாக விளையாடினார்கள். மரியாதை கூடிப்போய் ஒரு கேள்வியும் சரியாகக் கேட்கவில்லை. பத்துக்கு மூன்று. எழும்பும்போது ஒருவர் "பிள்ளையள் வெல்லட்டும் எண்டு விட்டனாங்கள்" என்றார். ஓமோம்.

இரண்டாம் சுற்றில் மரியாதை இல்லை. கலா அன்று எதற்கும் பயப்படவில்லை, நானும் துணிந்து கேட்டுக்கொண்டே போனேன். அவர்கள் நூற்று எழுபது என்றால் நான் நூற்று எண்பது. அவர்கள் நூற்றித் தொண்ணூறு என்றால் நான் இருநூறு. பத்துக்கு ஏழு. எங்கள் மேசையைச் சுற்றி ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். பாரில் இருந்து தோற்றவர்கள் கிளாஸோடு மேலே ஏறி வந்தார்கள்.

இடைவேளையில் சாப்பாடு. பப் சாப்பாட்டுக்குப் போகிறவர்களுக்கு என் தீர்ப்பு: மீனும் சிப்ஸும் இருபத்திரண்டு டொலர், மீன் வெள்ளையாக உதிர்ந்தது, கட்டாயம் எடுங்கள். எலுமிச்சையோடு கொஞ்சம் மிளகாய்ச் சோஸ் கேட்டால் தருவார்கள். இறைச்சியின் மேல் மசித்த உருளைக்கிழங்கு போட்டுச் சுடும் "பை" என்ற பண்டம் இருபது டொலர், இரண்டு பேருக்குக் காணும். "சிக்கன் கறி" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். மஞ்சளாக, இனிப்பாக, நடுவில் திராட்சை வற்றல் போட்டு வந்தது. பாலன் அண்ணை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தூரத் தள்ளி வைத்தார், பிள்ளையைத் தண்டிப்பது போல. மரக்கறிக்காரருக்குக் காளான் பை உண்டு, நன்றாகவே இருந்தது.

எங்களுக்குப் பரிமாறிய பெண்ணின் பெயர் மோரீன். அறுபது வயதிருக்கும், கட்டை முடி, ஒரே நேரத்தில் ஆறு தட்டுத் தூக்குவாள். நாங்கள் என்ன விளையாடுகிறோம் என்று கேட்டாள். கலா ஆங்கிலத்தில் விளக்கினாள், கடுக்கன் வரைக்கும். மோரீன் தட்டுகளை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். அதன் பிறகு எங்கள் மேசைக்குத்தான் அடிக்கடி வந்தாள். என் தோளில் தட்டி, "அந்த இரண்டு பேருமா உங்கள் ஆட்கள்?" என்று ரகுவையும் பாலன் அண்ணையையும் காட்டிக் கேட்டாள். நான் தலையாட்டினேன். "அப்படியென்றால் கட்டாயம் வெல்லுங்கள்" என்றாள்.

அரையிறுதியில் பத்துக்கு ஒன்பது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. கலா மேசைக்கடியில் என் காலை மிதித்துக்கொண்டே இருந்தாள், பதற்றத்தில். சீட்டில் கள்ளம் என்று யாரும் எழுத வேண்டாம், வலி மட்டும்தான் கிடைத்தது.

இறுதிப் போட்டி. மறுபக்கச் சோடி யார் என்று உங்களுக்குத் தெரியும்.

கீழே பிடில் தொடங்கியிருந்தது. சத்தம் தரைப்பலகை வழியாகக் காலுக்குள் ஏறியது. எனக்கு எதிரே கலா. வலப்பக்கம் ரகு, இடப்பக்கம் பாலன் அண்ணை. ரகுவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு சிப்ஸ், ஒரு கிளாஸ் பியர். எங்களைச் சுற்றி ஊரே நின்றது. முதல் மூன்று கேள்வி அவர்கள் எடுத்தார்கள். பாலன் அண்ணை ஒவ்வொரு முறையும் "கணக்கு வேணும் தங்கச்சி, கணக்கு" என்றார். எனக்குக் காது சுட்டது. பிறகு நாங்கள் நான்கு எடுத்தோம். அவர்கள் இரண்டு. நாங்கள் ஒன்று. ஒரு முறை பாலன் அண்ணை இருநூறு கேட்டு விழுந்தார், எங்களுக்கு இரண்டு புள்ளி வந்தது, அதன் பிறகு அவர் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. பிறகு நாங்கள் ஒன்று, அவர்கள் மூன்று. எட்டுக்கு எட்டு.

இனி யார் விழுந்தாலும் அவ்வளவுதான், இரண்டு புள்ளி, ஆட்டம் முடிந்தது.

சீட்டுப் போட்டார்கள். நான்கு சீட்டு. என் கையில் இஸ்கோப்பன், அதாவது ஸ்பேட், ஜாக் ஒன்று, மற்றது எல்லாம் சுமார். நான் நூற்று எழுபது கேட்டேன். பாலன் அண்ணை இல்லை என்றார், கலா இல்லை என்றாள். ரகு சீட்டை விசிறி மாதிரி விரித்து, சாவகாசமாகப் பார்த்து, "நூற்று எண்பது" என்றார். நான் நூற்று எண்பத்தைந்து என்றேன். ரகு ஒரு சிப்ஸை எடுத்து, சோஸில் தொட்டு, வாயில் போட்டார்.

"நூற்றித் தொண்ணூறு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்று முழுக்க நான் கேட்காமல் விட்ட கேள்வி இல்லை. இருநூறு என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அப்போது ரகு அடுத்த சிப்ஸை எடுத்தார். சோஸில் தொட்டார். மென்றார். பியரில் ஒரு வாய் குடித்தார்.

நான் வாயை மூடினேன்.

பதினெட்டு வருடம் இந்த மனிதருக்குத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறேன். ஆடை படிந்த கோப்பையையும் வெறுங்கோப்பையையும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு படியேறியிருக்கிறேன். வாய் வைக்காத கோப்பையைச் சுடவைத்துக் கொண்டுபோன நாட்களில் எல்லாம் அவர்தான் வென்றுகொண்டிருப்பார். நல்ல கை வந்தால் ரகுவுக்குப் பசியும் இல்லை, தாகமும் இல்லை, பக்கத்தில் பெண்சாதி நிற்பதும் தெரியாது. கையில் ஒன்றும் இல்லாத நாளில்தான் மடக் மடக் என்று குடிப்பார், "இன்னொரு றோல்ஸ் இருக்கோ?" என்று கேட்பார். அன்றுவரை அதைத் திட்டத்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நொடியில்தான் அது என்னவென்று விளங்கியது.

அவர் என்னை ஏற்றிவிடப் பார்க்கிறார். நான் இருநூறு கேட்டு விழ வேண்டும் என்று காத்திருக்கிறார்.

"இல்லை" என்றேன்.

சிப்ஸ் பாதி வழியில் நின்றது. "என்ன?"

"எனக்கு வேண்டாம். நீங்களே எடுங்கோ."

ரகுவின் முகத்தைப் படம் எடுத்து இங்கே போட எனக்கு ஆசை. எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பாலன் அண்ணை "டேய் ரகு?" என்றார். ரகு சிப்ஸைத் தட்டில் வைத்துவிட்டு, நீண்ட நேரம் யோசித்து, ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்தார். மிச்ச நான்கு சீட்டும் போட்டார்கள்.

மனிதர் விட்டுக்கொடுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இல்லாத கையை வைத்துக்கொண்டு நன்றாகத்தான் இழுத்தார். பாலன் அண்ணை தன்னிடம் இருந்ததை எல்லாம் கொட்டினார். நாலாவது சுற்றில் கலாவிடம் கேட்ட சாதிச் சீட்டு இல்லை, ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போட்டாள். துரும்பு வைத்தவர் என்ற முறையில் ரகு அதைத் தூக்கிப் பார்த்தார். துரும்பு என்றால் காட்டித்தான் ஆக வேண்டும், நிமிர்த்தி வைத்தார். இஸ்கோப்பன். அதுதான் துரும்பு.

என் கையில் இருந்தது துரும்பின் ராசா!  நான் அதை இறக்கவில்லை, வைத்திருந்தேன். அவருடைய மற்றத் துரும்புகள் ஒவ்வொன்றாகக் கழியும் வரை வைத்திருந்தேன். கடைசிக்கு முதல் சுற்றில் முதல் சீட்டு இறக்கும் முறை எனக்கு வந்தது. ஜாக்கை மேசையில் வைத்தேன். அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே துரும்பு ஒன்பது. போடாமல் இருக்க முடியாது. போட்டார்.

ஐம்பது புள்ளி ஒரே பிடியில். கலா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

எண்ணினார்கள். செல்வம் அண்ணையே எண்ணினார், இரண்டு தரம். அவர்களுக்கு நூற்று எழுபத்தொன்று, எங்களுக்கு நூற்று முப்பத்துமூன்று. கேட்டதற்குப் பத்தொன்பது போதாது. அறையில் கிளம்பிய சத்தத்துக்குப் பக்கத்து அறையில் ஓய்வு பெற்றவர் பலூனோடு எட்டிப் பார்த்தார். கலா என்னைக் கட்டிப்பிடித்து, தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் அழுதேனா என்று கேட்டால், ஓம், அழுதேன். வெட்கமில்லை. என் சனிக்கிழமைகள் எல்லாம் என்னிடம் திரும்பி வந்திருந்தன.

"கடுக்கன்! கடுக்கன்!" என்று மிச்ச இருபத்தெட்டு மீசையும் கத்தத் தொடங்கியது. பப்பில் ஈர்க்குக்கு எங்கே போவது? மோரீன் பாரில் இருந்து கிளாஸுக்கு அடியில் வைக்கும் வட்ட மட்டைகள் நாலும் ஒரு நூல் உருண்டையும் கொண்டுவந்தாள். மட்டையில் துளை போட்டு, நூல் கட்டி, ஆளுக்கு இரண்டு. ரகு குனிந்து காதைக் காட்டினார். கடுக்கனோடு கீழே பாருக்குப் போய்வர வேண்டும் என்றேன். பாலன் அண்ணை கொஞ்சம் முரண்டு பிடித்தார்.

"தங்கச்சி, இதிலை இருந்து போட்டால் காணாதே? கீழையும் போகவேணுமே?"

"ஓம் அண்ணை. எனக்கொரு தேத்தண்ணி வேணும். பாரிலைதான் வாங்கலாம்."

போனார்கள். படியால் முதலில் பாலன் அண்ணை, பின்னால் ரகு, காதில் மட்டைகள் ஆட ஆட. அவர்களுக்குப் பின்னால் ஊர் முழுக்க. மோரீன் பாரில் தொங்கிய பித்தளை மணியை இழுத்து அடித்தாள். பிடில்காரன் திரும்பிப் பார்த்தான், பாட்டை நிறுத்தினான், அக்கார்டியன்காரியிடம் ஏதோ சொன்னான். அடுத்த நொடி இரண்டு பேரும் படைநடை மாதிரி ஒன்றை வாசிக்கத் தொடங்கினார்கள். கீழே இருந்த வெள்ளைக்காரச் சனம் என்ன ஏது என்று தெரியாமலே எழும்பி நின்று கை தட்டியது. ரகு சும்மா இருக்கிற ஆளா? பாதி வழியில் கையை உயர்த்தி எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். எனக்குத் தேத்தண்ணி வந்தது, பால் தனியாக, மூன்றரை டொலர். கணவர் கொண்டுவந்த தேத்தண்ணியை நான் சூட்டோடு குடித்தேன்.

திரும்பும்போது ரகு கார்ச் சாவியைப் பாலன் அண்ணையிடம் கொடுத்துவிட்டு எங்களோடு ரயிலில் வந்தார். ஒரு காதில் மட்டை இன்னும் தொங்கியது. பிக்கரிங் வரும்வரை அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்.

"நீர் ஏனப்பா இருநூறு கேக்கேல்லை?"

"சும்மாதான்" என்றேன். கலா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். சனிக்கிழமை பகலில் மேல்மாடி அறைக்கு வாடகை இல்லை, ஆனால் சாப்பாடும் குடியும் சேர்த்துக் குறைந்தது ஆயிரம் டொலருக்கு எடுக்க வேண்டும். ஆட்கள் கூடினால் பரிமாறுகிறவர்களுக்கான பணத்தைப் பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள், பார்த்துக் கொடுங்கள், இரண்டு தரம் கொடுக்காதீர்கள். எங்கள் சனத்தைக் கூப்பிடுவதாக இருந்தால் பன்னிரண்டு மணிக்குத் தொடங்க அழைப்பில் பதினொன்று என்று போடுங்கள். சத்தம் போடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெண்கள் தனியாகப் போகலாமா என்று ஒரு வாசகி முன்பு கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம், குடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நெருப்புக்குப் பக்கத்து மேசையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காரை விட்டுவிட்டு ரயிலில் போங்கள், ஏரியைப் பாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு மணிக்கு எங்கள் பேஸ்மென்டில் ரகுவின் கதிரையில் நான் இருந்தேன், எனக்கு எதிரே கலா. பாலன் அண்ணையும் இன்னொரு கூட்டாளியும் மறுபக்கம். மேலே அடுப்படியில் பாத்திரங்கள் விழும் சத்தம், கருகல் மணம், "இந்த றோல்ஸ் ஏன் வெடிக்குது?" என்று ஒரு குரல். யாரும் மேலே போகவில்லை. நாலாவது கையில் எனக்கு இரண்டு ஜாக்கும் ஒரு ஒன்பதும் வந்தன. ஒன்பது ஒரு ஜாக்கின் அதே சாதி. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு நூற்று அறுபது என்று மெதுவாகத் தொடங்கினேன். பாலன் அண்ணை என்னை ஏற்றிவிடுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போது ரகு தட்டோடு இறங்கி வந்தார், கோப்பைகள் எடுக்க. பாலன் அண்ணையின் வெறுங்கோப்பையை எடுத்தார். கலாவினதை எடுத்தார். என்னுடையதை எடுக்கக் கையை நீட்டியவர் அப்படியே நின்றார். நானும் அப்போதுதான் பார்த்தேன். நிரம்பி வழிய வார்த்துத் தந்த தேத்தண்ணி, வாயே வைக்கவில்லை, மேலே ஆடை படிந்திருந்தது.

ரகு கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் கோப்பையைப் பார்த்தார். பப்பில் தின்ற சிப்ஸ் ஒவ்வொன்றும் அவர் முகத்தில் ஏறி இறங்கியது.

"அடி கள்ளி!" என்றார். பிறகு பாலன் அண்ணையின் பக்கம் திரும்பினார். "அண்ணை, கேளாதேங்கோ. விட்டிடுங்கோ. உவவின்ர கையிலை பெரிய சீட்டு இருக்கு."

கலா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். நான் ரகுவின் தட்டில் இருந்து என் கோப்பையைப் பறித்து, பச்சைத் தண்ணி மாதிரி ஆறிப்போன தேத்தண்ணியை ஆடையோடு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, யாரும் கூட்டிக் கேட்கும் முன் நானே "இருநூறு" என்றேன்.